துபாஷி என்றொரு சொல்

புதுச்சேரியின் வரலாற்றைச் சொல்லும் பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் வராமல் இராது. பெயர் வந்தால் 'துய்ப்ளேக்ஸின் துபாஷி' என்ற அடையும் கூடவே வரும். நாம் பெரும்பாலும் 'துபாஷி = மொழிபெயர்ப்பாளர்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். பாடவேளை நாற்பது நிமிடம். முடிக்க வேண்டிய பகுதியோ நிறைய. ஆனாலும் இந்த ஒரு சொல்லுக்கு ஒரு பாடவேளை முழுவதையும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். இலக்கணம், வரலாறு, நம் வகுப்பறையின் இன்றைய நிலை என மூன்றையும் தொட்டுக்கொண்டு நிற்கிற சொல் இது. நான் தமிழாசிரியர், இளமையில் தக்ஷிண பாரத் இந்தி பிரசார சபையின் ராஷ்ட்ரபாஷா தேர்வு வரை எழுதியவன். இந்தி எந்த வகுப்பில் இருக்க வேண்டும், எதில் இருக்கக் கூடாது என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. நம் ஊர் வரலாற்றிலேயே கலந்துவிட்ட ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பதே நோக்கம்.

இந்தியில் இச்சொல் 'துபாஷியா'. 'து' என்பது இரண்டு. தனியே நிற்கும்போது 'தோ' என்று நெடிலாக ஒலிப்பது, தொகைச்சொல்லின் முதலில் பல இடங்களில் 'து' எனக் குறுகும். தமிழில் இரண்டு 'இரு' ஆவதையும், ஒன்று 'ஒரு' ஆவதையும் அறிந்த பிள்ளைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. 'பாஷா' என்பது மொழி. வடமொழியில் பேசுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. கடைசியில் நிற்கும் 'இயா' செய்பவரைக் குறிக்கும் விகுதி. ஆக, இரண்டு மொழி உடையவர். தமிழில் நேராகச் சொன்னால் இருமொழியார்.

இதே 'து' நம் வீட்டிலும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் சீருடையோடு போட்டுக்கொள்ளும் துப்பட்டாவில் இருப்பது இதுதான். இரண்டு அகலத் துணியைச் சேர்த்தது என்பது அதன் அடிப்பொருள். பாட்டிமார் போர்த்திக்கொள்ளும் துப்பட்டியும் அந்தக் குடும்பமே. பிரெஞ்சு எடுத்துப் படிக்கும் பிள்ளைகளிடம் இரண்டுக்கு என்ன சொல் என்று கேளுங்கள், 'தெ' என்பார்கள். வடமொழியின் 'த்வி', பாரசீகத்தின் 'தோ', பிரெஞ்சின் 'தெ', ஆங்கிலத்தின் 'டூ' எல்லாம் ஒரே மூலத்தின் கிளைகள். தமிழின் 'இரண்டு' வேறு குடும்பம்.

துப்பட்டா என்பதில் 'ப்ப' இரட்டிக்கிறது, துபாஷி என்பதில் ஒற்றை 'ப' நிற்கிறதே, ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. இந்தியில் துப்பட்டாவின் ப வல்லொலி. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் பகரம் மெலிந்து ஒலிக்கும். 'கோபம்' என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். வல்லொலியைக் காக்க வேண்டுமென்றால் இரட்டித்தாக வேண்டும். துபாஷியாவின் ப அப்படியல்ல. அது மூச்சோடு கூடிய மெல்லோசை. எனவே ஒற்றைப் பகரமே போதும். எழுதியவர்கள் இலக்கணம் பார்த்து எழுதவில்லை, காதைக் கேட்டு எழுதினார்கள். ஆனாலும் இலக்கணப்படியே அமைந்துவிட்டது. 'துப்பாசி' என்ற வடிவமும் தமிழில் உண்டு. அதைப் பார்க்கும்போது எல்லாக் காதும் ஒரே காது இல்லை என்றும் தெரிகிறது.

'ஷ' விஷயத்தில் மட்டும் புலவர் வழி வேறு, சந்தை வழி வேறு. வடசொல்லின் இடையில் வரும் ஷகரம் தமிழில் டகரமாகும் என்பது நாம் நடத்தும் விதி: விஷம் விடம் ஆயிற்று, பாஷை பாடை ஆயிற்று. அந்தக் கணக்கில் இது 'துபாடி' ஆகியிருக்க வேண்டும். அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. துபாசி, துப்பாசி என்று சகரமாகவே எழுதினார்கள். நூல் வழியாக வந்த சொல்லுக்கும் வாய் வழியாக வந்த சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

பால் காட்டுவது எது?

இந்திப் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசைக்கும் பால் உண்டு, மழைக்கும் உண்டு. ஈற்றைப் பார்த்துப் பாலைக் கண்டுபிடிக்கலாம் என்று தொடக்கத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்: 'ஆ' என முடிந்தால் ஆண்பால், 'ஈ' என முடிந்தால் பெண்பால். முதல் மாதத்துக்கு உதவும் விதி. 'இயா' ஈறு வந்தவுடன் அது தடுமாறும். டாக்கியா (தபால்காரர்), ரசோயியா (சமையற்காரர்), துபாஷியா ஆகியவை ஆண்பால். சிடியா (பறவை), குடியா (பொம்மை), புடியா (கிழவி) ஆகியவை பெண்பால். ஈறு ஒன்றே, பால் இரண்டு. இரண்டாம் வரிசையிலுள்ள 'இயா' பெரும்பாலும் சிறுமையையும் செல்லத்தையும் காட்டும் விகுதி. முதல் வரிசையில் இருப்பது தொழிலைக் காட்டும் விகுதி.

ஒருமையில் மறைந்திருக்கும் வேறுபாடு பன்மையில் வெளியே வந்துவிடும். டாக்கியா 'டாக்கியே' ஆகும். சிடியா 'சிடியாங்' என மூக்கொலி பெறும். துபாஷியா முதல் அணியைச் சேர்ந்தது என்பதால் பன்மை 'துபாஷியே'.

இங்கே இன்னொரு முடிச்சு. 'துபாஷி சொன்னார்' என்பதற்கு இந்தியில் 'துபாஷியே நே கஹா' என்பார்கள். துபாஷியே பன்மையல்லவா, ஒருவர்தானே சொன்னார்? இந்தி கற்கும் தமிழர் பலர் சறுக்கும் இடம் இது. விடை தமிழிலக்கணத்திலேயே இருக்கிறது. 'மரம்' என்பது உருபு ஏற்கும்போது 'மரத்தை' ஆகிறது. 'வீடு' என்பது 'வீட்டில்' ஆகிறது. 'நான்' என்பது 'எனக்கு' ஆகிறது. உருபு வருவதற்கு முன் பெயர் தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. இந்தியிலும் அதுவே நடக்கிறது: நே, கோ, மேங் போன்றவை பின்னால் வந்தால் துபாஷியா என்பது துபாஷியே ஆகிறது, பன்மையென்றால் துபாஷியோங். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தி சொல்லித்தரும் ஆசிரியருக்கு இது உதவும். இந்தி பேசும் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தரும் நமக்கு இன்னும் கூடுதலாக உதவும். 'மரம்ஐ', 'மரம்இல்' என்று எழுதும் பிள்ளையிடம் அத்துச் சாரியை என்று தொடங்காமல், "உன் மொழியில் லட்கா என்பது லட்கே கோ ஆகிறதல்லவா, அது மாதிரி" என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழில் துபாஷி உயர்திணை. சொல்லில் பால் இல்லை, வினைமுற்றில்தான் இருக்கிறது. தொழிலாளி, நோயாளி, நீதிபதி என்பவை போல இதுவும் இருபாலுக்கும் பொது. இகர ஈறு தமிழில் பெண்பால் விகுதியாகவும் வரும் (தோழன், தோழி). வடமொழி ஆண்பால் பெயரின் ஈறாகவும் வரும் (யோகி, ஞானி). துபாஷி இரண்டாம் கூட்டம். ஆனால் அதைக் கேட்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பழைய உறவெல்லாம் தெரியாது. துபாஷி ஆணா பெண்ணா என்று கேட்டால் பாதி வகுப்பு பெண் என்கிறது.

பிரெஞ்சில் 'அந்தெர்ப்ரெத்' என்ற ஒரே சொல் இருபாலுக்கும். முன்னால் 'அன்' வந்தால் ஆண், 'உயின்' வந்தால் பெண். ஆக, ஒருமொழி பாலை ஈற்றில் வைக்கிறது, ஒன்று சொல்லுக்கு முன்னால் வைக்கிறது, நம்முடையது வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறது.

தரகரும் துபாஷியும்

இந்தி இங்கே வந்தது நேற்றல்ல. இந்துஸ்தானி, தக்கினி என்ற பெயர்களில் அது நவாபுகளின் படையோடும் வணிகரோடும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெற்கே இறங்கிவிட்டது. பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில் நிலைகொண்டது 1674இல். அவர்களுக்கு முன்பே போர்த்துகீசியர் இக்கடற்கரைக்கு வந்துவிட்டதால், துறைமுகங்களில் பொதுமொழியாகப் போர்த்துகீசியமும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ், தெலுங்கு, தக்கினி, பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு என இத்தனை மொழி புழங்கிய இடத்தில் இருமொழியார் இல்லாமல் ஒரு மூட்டைத் துணி நகராது.

கம்பெனியின் முதன்மைத் துபாஷியைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கூர்த்தியே' என்றார்கள். அதற்குத் தரகர் என்று பொருள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். நம் பக்கம் அவருடைய நாக்கைப் பார்த்துப் பெயர் வைத்தது. அவர்கள் பக்கம் அவர் செய்த வியாபாரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. உண்மையில் நெசவுத் துணி கொள்முதல், வணிகரோடு ஒப்பந்தம், முன்பணம், அரசர்களுக்குக் கடிதம், ஊர்ப் பஞ்சாயத்து, செய்தி சேகரிப்பு எல்லாம் அவர் தலையில்தான். மொழிபெயர்ப்பு அதில் ஒரு பங்கு. ஆனந்தரங்கருக்குச் சொந்தக் கப்பலே இருந்தது; அதன் பெயர் ஆனந்தப்புரவி. கப்பல் வைத்திருந்தவரை 'மொழிபெயர்ப்பாளர்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தால் பிள்ளைகளுக்கு அந்த ஆள் தெரியாமலே போய்விடுவார்.

பொருள் நகர்ந்த திசையைப் பாருங்கள். துபாஷி என்ற சொல் மொழியில் தொடங்கித் தரகில் வந்து நின்றது. சென்னையிலும் அப்படியே: இன்று கல்லூரிப் பெயராக நாம் அறிந்த பச்சையப்ப முதலியார் துபாஷியாகப் பொருள் ஈட்டியவர். மும்பையில் கப்பல்களுக்குச் சரக்கு வழங்கியவர்கள் துபாஷ் எனப்பட்டு, அது பார்சிக் குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. பிரெஞ்சு 'அந்தெர்ப்ரெத்' இதற்கு நேர் எதிரான வழியில் வந்தது. அதன் மூலமான லத்தீன் 'இன்டர்ப்ரெஸ்' என்பதற்கு இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் தரகர் என்ற பொருளும் உண்டு; பிற்பாடு மொழி சொல்பவர் என்ற பொருளே நிலைத்தது. மொழியை மாற்றிச் சொல்பவர் நடுவே நிற்கிறவர். நடுவே நிற்கிறவரிடம் இரு பக்கத்துச் செய்தியும் இருக்கும். அதனால்தான் இந்தச் சொற்கள் எங்கே புறப்பட்டாலும் ஒன்றன் பொருளில் மற்றொன்று கலக்கிறது.

அந்த நடு இடம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி உண்டு. நைனியப்பப் பிள்ளை வீதியில் நடக்கிறோம்; அவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1708 முதல் கம்பெனியின் முதன்மைத் தரகராக இருந்தவர் அவர். ஆளுநர் எபேர் காலத்தில், 1716இல், கைது செய்யப்பட்டார். கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றச்சாட்டு. சவுக்கடி, சிறை, சொத்துப் பறிமுதல் எனத் தண்டனை. 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு நடந்த மேல்முறையீட்டில் வெளிவந்தவை நம்மைப் போன்ற மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டியவை. விசாரணையில் அவருக்கு மொழி சொல்ல வைத்தவர், அவரை எதிர்த்த இயேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். சாட்சிகள் சொன்னது பிரெஞ்சில் எழுதப்பட்டது. தங்களுக்குப் புரியாத தாளில் கையொப்பமிட்டோம் என்று சாட்சிகள் பின்னர் முறையிட்டார்கள். ஆயுள் முழுதும் இரண்டு மொழிக்கு நடுவே நின்றவர், கடைசியில் இன்னொருவருடைய மொழிபெயர்ப்பில் மாட்டிக்கொண்டார். இறந்த பின்னர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு திரும்பியது. மகன் குருவப்பர் பிரான்சுக்கே போய் வழக்காடி, அரசரிடம் விருது பெற்றுத் திரும்பி, தந்தையின் பதவியில் அமர்ந்தார்.

நைனியப்பருடைய மைத்துனர் திருவேங்கடத்தின் மகன்தான் ஆனந்தரங்கர். மாமன் வீட்டில் நேர்ந்தது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். 1736 செப்டம்பரில் தொடங்கிக் கால் நூற்றாண்டு, அவர் யார் எப்போது என்ன சொன்னார்கள், தான் அதற்கு என்ன மறுமொழி சொன்னேன் என்று வரி வரியாகத் தமிழில் எழுதி வைத்தார். நாட்குறிப்பு இலக்கியத்தின் முன்னோடி என்று தேர்வுக்காகச் சொல்லிக்கொடுக்கிறோம், சரிதான். மொழிக்கு நடுவே நிற்கும் ஒருவர் தன் பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட சாட்சி என்றும் அதைப் படிக்கலாம். இது என் ஊகம். ஆனால் பதினோராம் வகுப்பில் இதை ஒரு விவாதத் தலைப்பாகக் கொடுத்தால், நூற்குறிப்பு எழுதச் சொல்வதைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

பன்னிரண்டு வயதுத் துபாஷிகள்

இப்போது நம் பள்ளிக்கு வருகிறேன். பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து கட்டட வேலைக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஓராண்டுக்குள் தெருவில் தமிழ் பழகிவிடுகிறார்கள். பெற்றோருக்கு அது வாய்ப்பதில்லை. எனவே மருத்துவமனையில், ரேஷன் கடையில், வாடகை வீட்டுக்காரரிடத்தில், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் பிள்ளையே துபாஷி.

சென்ற ஆண்டு ஒரு சந்திப்பின்போது பக்கத்து மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்காகத் தாயோடு வந்திருந்தாள். வகுப்பாசிரியர் சொன்னார்: "பையன் இரண்டு வாரமாகச் சரியாக வரவில்லை. கணக்கில் ரொம்பப் பின்தங்கிவிட்டான்." மாணவி தாயிடம் இந்தியில் சொன்னது: "தம்பி நன்றாக இருக்கிறானாம். கணக்கு மட்டும் கொஞ்சம் கவனிக்கணுமாம்." தாய் மகிழ்ந்து கைகூப்பினார். வராத இரண்டு வாரம் அந்த மேசையைத் தாண்டிப் போகவே இல்லை.

சிறிது நேரம் கழித்து அந்த அம்மாவை அழைத்து, எனக்குத் தெரிந்த இந்தியில் விசாரித்தேன். அவர் காலை ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர். டைல்ஸ் ஒட்டும் வேலை செய்யும் தந்தை, கைக்கு ஆள் இல்லாத நாளில் பையனைக் கூட்டிப் போயிருக்கிறார். இது மகளுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. உள்ளபடி சொன்னால் அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்பதும் மகளுக்குத் தெரியும். அவள் பொய் சொன்னாள் என்று வகுப்பாசிரியர் கோபப்பட்டார். எனக்கு அப்படிப் படவில்லை. பெரியவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் அவளை நிறுத்திவிட்டு, அங்கிருந்து நேராகப் பார் என்றால் எப்படி?

அதன் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். கட்டணம், நேரம், புத்தகம் போன்ற சாதாரணச் செய்திக்குப் பிள்ளை மொழி சொல்லலாம். மதிப்பெண், வருகை, உடல்நலம், ஒழுக்கம் பற்றிய பேச்சென்றால் பெரியவர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். சொந்த வீட்டுப் பிள்ளை கூடாது. இந்தி ஆசிரியர் இருந்தால் அவர். இல்லையென்றால் இரண்டு மொழியும் தெரிந்த வேறொரு பெற்றோர். அக்கம்பக்கத்தாரை அழைத்தால் வீட்டு விஷயம் வெளியே போகுமே என்ற தயக்கம் பெற்றோருக்கு உண்டு. அதனால் யாரை அழைக்கலாம் என்று முதலில் அவர்களிடமே கேட்டுவிடுகிறோம். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவசரத்துக்கு ஆகும், 'பையன் கொஞ்சம் வாலு' என்பதை அது என்னவாகச் சொல்லும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

அந்த மாணவியின் இரு மொழியை வகுப்பில் வேறு விதமாகப் பயன்படுத்தலாம். துபாஷி பாடத்தின்போது 'துபாஷி வந்தார்' என்ற ஒரே வாக்கியத்தைப் பலகையில் எழுதி, வந்தது ஆணா பெண்ணா என்று கேட்டேன். தமிழில் தெரியவில்லை என்றார்கள். வந்தான், வந்தாள் என்று சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும், மரியாதை கொடுத்தவுடன் பால் மறைந்துவிட்டது. பிரெஞ்சு படிக்கும் மாணவன் தன் வாக்கியத்தை வாசித்தான்: 'லந்தெர்ப்ரெத் எ வெனு'. காதுக்கு அதிலும் தெரியவில்லை. பெண் என்றால் எழுத்தில் கடைசியில் ஓர் எழுத்து கூடும், ஒலியில் கூடாது. இந்தியில்? அவளை எழுப்பிக் கேட்டோம். ஆண் என்றால் 'துபாஷியா ஆயா', மரியாதையாகச் சொன்னால் 'ஆயே'. பெண் என்றால் 'துபாஷியா ஆயீ', மரியாதைக்கு 'ஆயீங்'. மரியாதை கொடுத்தாலும் மறைக்க முடியாது சார் என்றாள். பெயர்ச்சொல் ஆண்பால்தானே, வினை பெண்பாலாக வரலாமா என்று பிரெஞ்சு மாணவன் மடக்கினான். "வந்தது பொண்ணு இல்லையா, அதுக்குத்தான்" என்று பதில் வந்தது. மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள், தமிழில்.